சிறுகுடலில் மறைந்திருக்கும் ரத்தக்கசிவு

குடலில் ரத்தம் கசிந்தால் அது இரண்டு விதமாகத் தெரியவரும். ஒரு விதத்தில் மலம் தார் போலக் கறுத்துப்போகும், அல்லது சிவப்பாகவே ரத்தம் போகும். இன்னொரு விதத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தினமும் சில மில்லி கசிந்து, பல மாதங்களில் ஹீமோகுளோபின் 6, 7 என்று இறங்கிய பிறகு, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று நோயாளி வரும்போதுதான் விஷயம் பிடிபடும். வாய்வழி எண்டோஸ்கோபி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் காட்டும்; கொலனோஸ்கோபி பெருங்குடலைக் காட்டும். ரத்தக்கசிவு உள்ளவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு இரண்டிலும் எதுவும் அகப்படாது. இவர்களில் பெரும்பாலோருக்குக் கசிவு இருப்பது, இந்தக் குழாய்கள் எட்டாத பல மீட்டர் நீளச் சிறுகுடலில்.

அந்த நீளத்தை முழுவதும் பார்க்க வந்ததுதான் காப்ஸ்யூல் எண்டோஸ்கோபி. இஸ்ரேலியப் பொறியாளர் காவ்ரியேல் இட்டானும் அவரோடு உழைத்தவர்களும் இதை 2000இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். மறு ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அந்தக் காப்ஸ்யூலுக்குள் கேமரா, விளக்கு, பேட்டரி, படங்களை வெளியே அனுப்பும் சிறு அலைபரப்பி எல்லாம் அடங்கும். இரவு பட்டினியிருந்து, குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடித்து, காலையில் இதைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிப் பார்வையை மறைக்கும் என்பதால் சில நாள் முன்பே நிறுத்தப்படும். குடலின் அசைவே காப்ஸ்யூலை நகர்த்திச் செல்லும். விநாடிக்கு இரண்டு படம் வீதம் எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான படங்கள் இடுப்பில் கட்டிய பதிவுக் கருவியில் சேரும். வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. காப்ஸ்யூல் மலத்தோடு வெளியேறிவிடும். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதோ, நின்ற ஓரிரு நாளிலோ செய்தால் காரணம் அகப்படும் வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் குறையும்.

முதியவர்களிடம் பெரும்பாலும் தென்படுவது குடல் சுவரில் புடைத்த மெல்லிய ரத்த நாளங்கள். இளைஞர்களிடம் கிரோன் நோய், பிறவியிலேயே அமைந்த மெக்கல் பை, கட்டிகள். மூட்டு வலிக்காக நெடுநாள் விழுங்கிய வலி மாத்திரைகள் சிறுகுடலிலும் புண் உண்டாக்கும். பலர் இதை இரைப்பையோடு முடிந்த பிரச்சினை என்றே நினைக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தப் பட்டியலில் கொக்கிப்புழுவையும் சேர்க்க வேண்டும். புதுக்கோட்டை போன்ற விவசாய மாவட்டத்தில் இது கட்டாயம் நினைவில் இருக்க வேண்டிய காரணம். திறந்தவெளியில் மலம் கழித்த ஈர மண்ணில் வளரும் இதன் இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறிச் சிறுகுடலில் ஒட்டிக்கொள்ளும். நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சும் ரத்தம் சுமார் 0.03 மில்லிதான். ஆனால் நூற்றுக்கணக்கான புழுக்கள் பல மாதம் உறிஞ்சினால், ஏற்கெனவே இரும்புச்சத்து குறைந்த ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ள அது போதும். மலப் பரிசோதனையில் முட்டை தென்படாமல் தப்பிய புழுக்களைக் காப்ஸ்யூல் படங்களில் கண்டுபிடித்ததுண்டு. அல்பெண்டசோல் என்ற மலிவான மாத்திரையில் இவை போய்விடும். ஆகவே ஒரு முறை மட்டுமே பயன்படும், செலவு மிகுந்த இந்தச் சோதனைக்கு முன் மலப் பரிசோதனையும் பூச்சி மருந்தும் முடிந்திருக்க வேண்டும் என்பதே நியாயமான வரிசை.

இன்னொரு எச்சரிக்கையும் நம் ஊருக்கே உரியது. குடல் காசநோய் சிறுகுடலைச் சுருக்கி வைத்திருக்கலாம். அந்த இடத்தில் காப்ஸ்யூல் மாட்டிக்கொண்டால் எடுக்க அறுவை சிகிச்சை வரை போக நேரும். சாப்பிட்டதும் வயிறு உப்பி, இழுத்துப் பிடித்து வலிப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடக் கூடாது, முதலில் சி.டி. ஸ்கேன் பார்ப்பது பாதுகாப்பு. காப்ஸ்யூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது.

காப்ஸ்யூலால் படம்தான் எடுக்க முடியும். சதை எடுத்துச் சோதிக்கவும் கசிவை நிறுத்தவும், ஜப்பானில் உருவான இரட்டை பலூன் எண்டோஸ்கோபியோ அறுவை சிகிச்சையோ வேண்டும். இவற்றுக்குப் பெரும்பாலும் குடல் நோய்ச் சிறப்புத் துறை உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய படிகளை உள்ளூரிலேயே தொடங்கலாம். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தம் ஏறாதவர்கள், ஏறி மறுபடி இறங்குபவர்கள், இன்னொரு பட்டை மாத்திரை வாங்குவதோடு நிற்காமல், ரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.