கடைக்காரர் இல்லாத கடைகள்

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோரம் என்னும் மலை மாநிலம் அமைந்துள்ளது. அதன் தலைநகரமான அய்சாலிலிருந்து செல்லும் நெடுஞ்சாலையில், செலிங் என்னும் ஊரை ஒட்டிய சாலையோரத்தில், மூங்கிலால் கட்டிய சிறிய குடில்களைக் காணலாம். அவற்றில் கீரைக்கட்டுகள், பழங்கள், பூக்கள், பழச்சாற்றுப் புட்டிகள், உலர்ந்த சிறு மீன்கள், நன்னீர் நத்தைகள் முதலியவை அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொருளின் பெயரும் விலையும் ஒரு சிறு பலகையில் கரித்துண்டாலோ சுண்ணக்கட்டியாலோ எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் பணம் போடுவதற்கு ஒரு டப்பா இருக்கும். கடைக்காரர் மட்டும் இருக்க மாட்டார்.

அவ்வழியே செல்வோர் வண்டியை நிறுத்துகின்றனர், வேண்டியதை எடுத்துக்கொள்கின்றனர், பலகையில் உள்ள விலையைப் பார்த்துப் பணத்தை டப்பாவில் இடுகின்றனர். சில்லறை இல்லையென்றால், பெரிய நோட்டை டப்பாவில் போட்டுவிட்டு மீதியை அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றனர். மூடிப் பூட்டாத அந்தப் பணப்பெட்டிக்குக் காவல் யாரும் இல்லை. மிசோ மொழியில் இக்கடைகளை ‘ங்கா லோ டோர்’ என்று அழைக்கின்றனர். ‘கடைக்காரர் இல்லாத கடை’ என்பது அதன் பொருள்.

இப்படி ஒரு கடையை ஏன் நடத்த வேண்டும்? இதைக் கேட்டவுடன், ‘மக்களின் நேர்மையைச் சோதிப்பதற்காக’ என்று சிலர் நினைக்கலாம். உண்மையான காரணம் மிக எளியது. மலைச்சரிவில் சிறு துண்டு நிலத்தில் பயிரிடும் குடும்பங்களே இக்கடைகளின் உரிமையாளர்கள். விளைச்சலும் குறைவு, வருமானமும் குறைவு. சில கட்டுக் கீரையை விற்பதற்காக ஒருவர் நாள் முழுவதும் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டால், நிலத்தில் உழைக்க ஓர் ஆள் குறைந்துவிடும். கூலிக்கு ஆள் வைப்பதென்றால், கடையின் வருமானம் அந்தக் கூலிக்கே போதாது. ஆகவே, காலையில் பொருள்களை அடுக்கி வைத்துவிட்டு அவர்கள் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். பின்னர் வந்து பணத்தை எடுத்துக்கொள்கின்றனர். கடைக்காரர் செய்ய வேண்டிய வேலையை வாங்குபவரே செய்துவிடுகிறார்.

மிசோ மக்களிடையே ‘த்லோம்ங்கைனா’ என்றொரு பண்பு போற்றப்படுகிறது. தன்னலம் கருதாது பிறருக்கு உதவ வேண்டும், பிறருக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்பது அப்பண்பின் சாரம். சிறு வயது முதலே இதைக் கேட்டு வளரும் சமூகத்தில், ஓர் ஏழை விவசாயியின் கீரையைப் பணம் தராமல் எடுப்பது வெட்கத்திற்குரிய செயலாகும். அதனால்தான் காவல் இல்லாமலே கடை நடக்கிறது.

இத்தகைய கடைகள் மிசோரத்திற்கு மட்டுமே உரியவை அல்ல. ஜப்பானின் நாட்டுப்புறங்களிலும் வயலோரங்களில் ஆளில்லாக் காய்கறிக் கடைகள் நெடுங்காலமாக உள்ளன. ஒரு மர அலமாரி, அதில் பைகளில் கட்டிவைத்த தக்காளி, கத்தரி, முள்ளங்கி, அருகில் ஓர் உண்டியல், அவ்வளவுதான். ஒரு பை 100 யென் என்பதுபோல ஒரே நாணயத்தில் கொடுக்கக்கூடிய விலையைப் பல விவசாயிகள் வைக்கின்றனர். சில்லறைக் குழப்பம் ஏற்படாமலிருக்க இது நல்ல வழி. உருவத்தில் கோணலாக இருப்பதால் சந்தைக்கு அனுப்ப முடியாத காய்கறிகளும் இங்கே விலை போகின்றன. வாங்குபவருக்கு மலிவு, விற்பவருக்கு வீண்செலவில்லை.

வயலோரத்தில் இருந்த இந்த முறை, 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு நகரத்திற்குள்ளும் பரவியது. ‘கியோசா’ என்பது இறைச்சியும் காய்கறியும் பொதிந்த, நம் கொழுக்கட்டை போன்ற ஓர் உணவு. ‘கியோசா நோ யுக்கிமட்சு’ என்னும் நிறுவனம் உறையவைத்த கியோசாவை விற்பதற்காகத் தோக்கியோவில் 24 மணி நேர ஆளில்லாக் கடையைத் திறந்தது. கடைக்குள் குளிர்பதனப் பெட்டிகளும் பணம் போடும் ஒரு பெட்டியும் மட்டுமே இருக்கும். அப்பெட்டி, ஜப்பானியக் கோயில்களில் உள்ள காணிக்கை உண்டியலை நினைவூட்டும். 36 கியோசாக்கள் கொண்ட பொதி 1000 யென் என்று விலை வைக்கப்பட்டது. ஒரு தாளை உண்டியலில் இட்டு, ஒரு பொதியை எடுத்துக்கொண்டு செல்லலாம்.

அடுத்த ஆண்டே கோவிட்-19 பெருந்தொற்று வந்தது. பிறர் முகம் பாராமல், வேண்டிய நேரத்தில் உணவு வாங்க மக்கள் விரும்பினர். இந்நிறுவனத்தின் கடைகள் ஜப்பான் முழுவதும் 400க்கும் மேலாகப் பெருகின. அதைப் பார்த்து இறைச்சி, ராமென், இனிப்பு எனப் பலவகை உறைந்த உணவுகளுக்கும் ஆளில்லாக் கடைகள் தோன்றின. ஆயினும், கடைகள் பெருகியபோது திருட்டுச் செய்திகளும் வரத் தொடங்கின. பணம் போடாமல் பொதிகளை எடுத்துச் சென்றவர்கள் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகிக் கைதும் செய்யப்பட்டனர். பெருந்தொற்று தணிந்தபின் வாடிக்கையாளர்களும் குறைந்தனர். பல கடைகள் மூடப்பட்டன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் காணப்படும் தானியங்கி விற்பனை இயந்திரத்தின் முன்னாலும் கடைக்காரர் நிற்பதில்லை. ஆனால், அது நம்பிக்கையால் இயங்குவது அன்று. பணத்தைப் பெற்ற பிறகே அது பொருளைக் கீழே தள்ளும். கைப்பேசியால் திறக்கும் கதவும் எடுத்த பொருளைத் தானே கணக்கிடும் கருவியும் கொண்ட புதுவகைக் கடைகளும் அப்படித்தான். அவை வாங்குபவரை நம்ப வேண்டிய தேவையே இல்லாதவாறு அமைக்கப்பட்டவை. உண்டியல் வைத்த கடையோ பொருளை முதலில் நம் கையில் கொடுத்துவிடுகிறது; பணத்தை நம் மனச்சான்றிடம் விட்டுவிடுகிறது.

அப்படியானால், எத்தனை பேர் உண்மையில் பணம் செலுத்துகின்றனர்? இதற்குப் பல்லாண்டுக் கணக்கை எழுதி வைத்த ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் வாஷிங்டனில் ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றிய பால் ஃபெல்ட்மன், தம் அலுவலகத்தில் ‘பேகல்’ எனப்படும் வளைய வடிவ ரொட்டிகளை வைத்து, அருகில் காசுக்கூடை ஒன்றையும் வைப்பது வழக்கம். அங்கு ஏறக்குறைய 95 விழுக்காட்டு ரொட்டிகளுக்குப் பணம் வந்தது. 1984ஆம் ஆண்டில் அவர் வேலையை விட்டுவிட்டு, இதையே தொழிலாக்கிக்கொண்டார். காலையில் பல அலுவலகங்களில் ரொட்டிகளையும் பணப்பெட்டியையும் வைப்பார். மதிய உணவு வேளைக்கு முன் திரும்பி வந்து, பணத்தையும் மீதமுள்ள ரொட்டிகளையும் எடுத்துச் செல்வார்.

அறிமுகமில்லாத அலுவலகங்களில் 95 விழுக்காடு கிடைக்கவில்லை. 2001ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சராசரி 87 விழுக்காடாக இருந்தது. அவருடைய கணக்கேடு வேறு சில உண்மைகளையும் காட்டியது. சில பத்துப் பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய அலுவலகங்கள், பல நூறு பேர் பணியாற்றும் பெரிய அலுவலகங்களைவிட நேர்மையாகப் பணம் செலுத்தின. ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் ஏமாற்றுவது கடினம் போலும். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. பணம் தராமல் ரொட்டியை எடுத்தவர்கள் பலர் இருந்தும், பணப்பெட்டியையே தூக்கிச் சென்றவர்கள் அரிதிலும் அரிது. ஓராண்டில் அவர் வைத்த சுமார் 7,000 பெட்டிகளில் சராசரியாக ஒன்றே காணாமற்போனது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெட்டியை எடுப்பது திருட்டு என்று எல்லாரும் ஒப்புக்கொள்கின்றனர். ஆனால், ஒரு ரொட்டியைக் காசு போடாமல் எடுப்பதைத் திருட்டு என்று அவர்களின் மனம் எண்ணுவதில்லை. ‘சில்லறை இல்லை, நாளை போடலாம்’, ‘ஒன்றுதானே’, ‘மற்றவர்கள் போடுவார்கள்’ என்று அது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. ஆளில்லாக் கடையின் உண்மையான எதிரி இரவில் வரும் கொள்ளையன் அல்லன். பகலில் வந்து போகும் நல்லவரின் இந்தச் சிறு சமாதானமே.

இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்திலும் ஓர் ஆய்வு நடந்தது. பணியாளர்கள் தேநீரும் காப்பியும் கலந்துகொண்டு, தாமே பெட்டியில் பணம் போடும் அறை அது. அங்கு ஒட்டப்பட்ட விலைப்பட்டியலின் மேல் ஒரு வாரம் பூக்களின் படமும் மறுவாரம் மனிதக் கண்களின் படமும் மாறி மாறி அச்சிடப்பட்டன. பத்து வாரங்களுக்குப் பின் கணக்கிட்டபோது, கண்களின் படம் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு பணம் சேர்ந்திருந்தது. இம்முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பின்னர் பிறர் செய்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே விளைவு கிடைக்கவில்லை. எனினும், யாரோ பார்க்கிறார் என்ற எண்ணம் நம் நடத்தையை மாற்றக்கூடும் என்பதை இது நினைவூட்டுகிறது.

‘நூற்றுக்குப் பத்துப் பேர் பணம் போடாவிட்டால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 90 சென் செலவில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் தயாரித்து, அதை 1 ரிங்கிட்டுக்கு விற்கிறார் எனக் கொள்வோம். 100 பொட்டலங்களுக்கு அவருடைய செலவு 90 ரிங்கிட். எல்லாரும் பணம் போட்டால் 100 ரிங்கிட் சேரும். இலாபம் 10 ரிங்கிட். பத்துப் பேர் பணம் போடாவிட்டால் சேர்வது 90 ரிங்கிட் மட்டுமே. விடியுமுன் எழுந்து உழைத்தவருக்கு ஒரு சென்கூட மிஞ்சாது. பதினோராவது ஆளும் ஏமாற்றினால், கைப்பணம் கரையத் தொடங்கும். எண்பத்தொன்பது பேர் நேர்மையாக இருந்தும் கடை நட்டப்படும். அதைச் சரிக்கட்ட விலையை ஏற்றினால், ஏமாற்றியவர் செய்த தவற்றுக்கு நேர்மையானவர் பணம் கட்ட நேரிடும்.

இதற்குப் பள்ளிக்கூடங்களிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம் அண்டை நாடான இந்தோனேசியாவில், 2008ஆம் ஆண்டு முதல் ‘நேர்மைச் சிற்றுண்டிச்சாலைகள்’ பள்ளிகளில் பரவலாகத் தொடங்கப்பட்டன. ஊழலை ஒழிக்க வேண்டுமானால் சிறுவயதிலேயே நேர்மையைப் பழக்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் நோக்கம். மாணவர்கள் தின்பண்டத்தை எடுத்துக்கொண்டு, பணத்தைப் பெட்டியில் போட்டு, மீதியையும் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சில பள்ளிகளில் இது நன்கு நடந்தது. ஆனால், பல இடங்களில் பெட்டியில் சேர்ந்த பணம் விற்ற பொருள்களின் விலையைவிடக் குறைவாக இருந்ததால், சிற்றுண்டிச்சாலைகள் நட்டத்தில் மூழ்கி மூடப்பட்டன.

மிசோரத்தில் நிலைத்த ஒன்று இங்கு ஏன் தடுமாறியது? மிசோரத்தில் வாங்குபவருக்கு அது யாருடைய உழைப்பு என்பது தெளிவாகத் தெரியும். எதிரே உள்ள மலைச்சரிவில் ஒரு குடும்பம் குனிந்து வேலை செய்வதை அவர் அறிவார். பொதுச் சிற்றுண்டிச்சாலையில், நட்டம் யாருக்கு என்பது மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘பள்ளிக்கூடத்தின் பொருள்’ என்பது எளிதில் ‘யாருக்கும் உரியதல்லாத பொருள்’ ஆகிவிடுகிறது. ஆகவே, ஆளில்லாக் கடையைத் தொடங்குவோர் சிலவற்றைச் செய்தாக வேண்டும். விலையைத் தெளிவாக எழுத வேண்டும். சில்லறைக்கு வழி செய்ய வேண்டும். அன்றாடம் கணக்குப் பார்த்து அதை எல்லாரும் அறிய ஒட்ட வேண்டும். பொருளைச் செய்தவர் இன்னார் என்பதையும் தெரிவிக்க வேண்டும். நேர்மையாக நடப்பதை எளிதாக்கினால், நேர்மையாளர்களும் கூடுவர்.

தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள பாபநாசத்தில், காந்தியடிகள் பிறந்த நாளான அக்டோபர் 2ஆம் நாளன்று ஆளில்லாக் கடை ஒன்று வைக்கப்படும். அங்குள்ள ரோட்டரி சங்கத்தினர் இதனை நடத்துகின்றனர். தின்பண்டங்களும் வீட்டுப் பொருள்களும் விலைச்சீட்டுடன் அடுக்கப்பட்டிருக்கும். மக்கள் எடுத்துக்கொண்டு பணத்தைப் பெட்டியில் போட்டுச் செல்வர். ஆண்டில் ஒரு நாள் மட்டுமே நடக்கும் கடை என்றாலும், ‘யாரும் பார்க்காதபோது நான் எப்படிப்பட்டவன்?’ என்ற கேள்வியை அது ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறது.

மிசோரத்து விவசாயிக்கோ அக்கேள்வி ஒரு நாளோடு முடிவதில்லை. வேலை முடிந்து, சேறு படிந்த கைகளுடன் வந்து அவர் டப்பாவைத் திறந்து எண்ணுகிறார். போன கீரைக்கட்டுகளுக்கும் வந்த பணத்திற்கும் கணக்குச் சரியாக இருந்தால், மறுநாளும் கடையை நம்பி விட்டுவிட்டுக் குடும்பமே நிலத்தில் உழைக்கலாம். கணக்குத் தொடர்ந்து குறைந்தால், வயதான தாயோ பள்ளி செல்லும் பிள்ளையோ சாலையோரத்தில் உட்கார வேண்டிவரும். சிறு துளி பெருவெள்ளம் என்பர். அந்தப் பெட்டியில் விழும் ஒவ்வொரு காசும், முகம் அறியாத ஒருவர் அந்தக் குடும்பத்திற்குச் செய்யும் உதவியே ஆகும்.