நெடிய உடம்புக்கு ஒரு டிரை சைக்கிள்

ஆறடியைத் தாண்டிய ஒருவர், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்கான சைக்கிள், அதாவது டிரை சைக்கிள், வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது உயரம். 188 சென்டிமீட்டர் என்றால் 'எக்ஸ்எல்' என்று பதில் வரும். சென்னைக் கடைகளில் எக்ஸ்எல் கையிருப்பில் இருப்பது அபூர்வம். 'எல்' இருக்கும், சீட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இந்த இரண்டு பதிலையும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தலை முதல் பாதம் வரை அளந்த ஒற்றை எண்ணை வைத்து இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த உயரத்தில் கால் எவ்வளவு, முதுகு எவ்வளவு, கை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் பொருத்தமான வண்டி கிடைக்கும்.

அளவு பார்த்து சைக்கிள் எடுப்பது நமக்குப் பழகியதுதான். வாடகைக் கடைகளில் அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி என்று பிரித்து வைத்திருந்தார்கள். கால் எட்டாத பிள்ளைகள் முழு வண்டியில் குரங்குப் பெடல் போட்டார்கள். பெரியவர்கள் ஓட்டிய கனத்த வண்டிகளில் 22 இஞ்ச் ஃப்ரேம் பொதுவானது. நெட்டையானவர்களுக்கு 24 இஞ்ச். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு அந்தக் கணக்கு போதும். கால் தரையைத் தொட வேண்டும், பெடலை எட்ட வேண்டும், அவ்வளவுதான். டிரையத்லான் வண்டியிலோ ஆள் இரண்டு முழங்கைகளையும் முன்னால் ஊன்றி ஏறக்குறையப் படுத்துக்கொள்கிறார். அங்கே இடுப்பு, தோள், முழங்கை மூன்றும் அளவுக்குள் வந்துவிடுகின்றன.

எதற்காகப் படுக்க வேண்டும்? காற்றுக்காக. சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றை மட்டும் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்தக் காற்றுத் தடையில் முக்கால் பங்குக்குக் காரணம் வண்டியல்ல, அதன்மேல் இருக்கும் உடம்பு. பூன் லெனன் என்ற அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர், சரிவில் இறங்கும் வீரர்கள் கையை முன்னால் குவித்துக் குனிவதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். அவர் வடிவமைத்த கைப்பிடியை ஸ்காட் நிறுவனம் 1987இல் வெளியிட்டது. முதலில் அதைப் பிடித்துக்கொண்டவர்கள் டிரையத்லான்காரர்கள். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் அதே வகைக் கைப்பிடியோடு 24.5 கிலோமீட்டரை மணிக்குச் சராசரியாக 54.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டி, மொத்தப் பந்தயத்தை 8 நொடி வித்தியாசத்தில் வென்றார். அதன்பிறகு யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆனால் சாதாரண ரேஸ் சைக்கிளில் இந்தக் கைப்பிடியை மாட்டிக் குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கும். அந்த வண்டிகளில் சீட்டைத் தாங்கும் குழாய் சுமார் 73 டிகிரி சாய்ந்திருக்கும். இடுப்பு பின்னாலேயே இருக்க, தோள் மட்டும் கீழே போனால் இடுப்பு மடிப்பு இறுகிவிடுகிறது, மூச்சும் முட்டுகிறது. அமெரிக்கரான டான் எம்ஃபீல்ட் 1989இல் குவின்டானா ரூ என்ற தன் நிறுவனத்தின் வண்டியில் அந்தக் குழாயை நிமிர்த்திவிட்டார். இன்றைய டிரை சைக்கிள்களில் அது 76 முதல் 80 டிகிரி வரை இருக்கிறது. இதனால் முழு உடம்பும் பெடல் அச்சைச் சுற்றி முன்னோக்கித் திரும்புகிறது. முதுகு தாழ்ந்தாலும் இடுப்பு திறந்தே இருக்கிறது. 90 கிலோமீட்டர் மிதித்து இறங்கியவர் உடனே 21 கிலோமீட்டர் ஓட வேண்டிய விளையாட்டில் இது பெரிய விஷயம்.

அதே எம்ஃபீல்ட்தான் ஃப்ரேமை அளக்க இரண்டு எண்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: ஸ்டாக், ரீச். பெடல்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து முன்குழாயின் உச்சி எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது ரீச். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், முன்னே தள்ளலாம். இந்த இரண்டையும் மாற்ற முடியாது. உயரமானவர் பார்க்க வேண்டியது எம், எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளையல்ல, இந்த எண்களை. ஒரு நிறுவனத்தின் எல், இன்னொரு நிறுவனத்தின் எக்ஸ்எல்லைவிட உயரமாக இருப்பதுண்டு.

188 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மயிலாப்பூர்க்காரர், காலின் உள்ளளவு 90 சென்டிமீட்டர். மற்றவர் அடையாறு, அவருக்கு 84. சுவரோடு ஒட்டி நின்று, காலிடுக்கில் ஒரு தடித்த புத்தகத்தை இறுக்கி வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் இந்த எண் வீட்டிலேயே கிடைத்துவிடும். அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் உயரம் தோராயமாக வரும். லெமாண்ட் காலத்திலிருந்து வழங்கும் கணக்கு இது. மயிலாப்பூர்க்காரருக்கு 79.5, அடையாறுக்காரருக்கு 74.2. சீட் குழாயின் சாய்வைக் கழித்தால் செங்குத்தாக 78, 73 சென்டிமீட்டர். முழங்கைத் திண்டு சீட்டைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். பொழுதுபோக்காகப் பந்தயத்துக்குப் போகிறவருக்கு அது நியாயமான இறக்கம். முதலாமவருக்குத் திண்டு 68 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், இரண்டாமவருக்கு 63இல். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே ஸ்டாக் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் கூடும். அப்படியென்றால் ஒரே உயரமுள்ள இந்த இருவருக்கும் நடுவே இரண்டு அளவு வித்தியாசம்! தி. நகரில் ரெடிமேட் சட்டை எடுக்கப்போன நெட்டையருக்குத் தோள் சரியாக இருந்தால் கை குட்டையாவது போலத்தான் இதுவும். நீண்ட காலுக்கு உயரமான, அதிகம் நீளாத ஃப்ரேம் வேண்டும். நீண்ட முதுகுக்குத் தாழ்ந்த, ரீச் கூடிய ஃப்ரேம் வேண்டும்.

மயிலாப்பூர்க்காரர் எக்ஸ்எல்லுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் எம் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கைப்பிடியும் திண்டின் அடிப்பாகமும் சேர்ந்து 6 சென்டிமீட்டர் உயரம் தரும் என்று வையுங்கள். ஸ்டாக் 58 உள்ள எக்ஸ்எல் ஃப்ரேமில் இன்னும் 4 சென்டிமீட்டருக்கு ஸ்பேசர் என்ற இடைவளையங்களைப் போட்டால் 68 வந்துவிடும். ஸ்டாக் 53 உள்ள எம் ஃப்ரேமில் 9 சென்டிமீட்டர் அடுக்க வேண்டும். பல வண்டிகளில் அதற்கு அனுமதியே கிடையாது. அடுக்கினாலும் வண்டி நடுங்கும். ரீச் குறைவதால் திண்டை முன்னே தள்ள வேண்டிவரும். உடம்பின் பாரம் முன்சக்கரத்தின்மேல் அளவுக்கு மீறிச் சாய்ந்து, ஹேண்டில் பரபரக்கும்.

நம் ஊர்ச் சாலையில் இன்னொரு சிக்கல். டிரை சைக்கிளில் பிரேக் முழங்கைத் திண்டின் பக்கம் இருக்காது. கீழே கொம்பு போல விரியும் அடிக் கைப்பிடியில் இருக்கும். அடையாறிலிருந்து கிளம்பி திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை தாண்டும்வரை கை அந்தப் பிரேக்கை விட்டு விலகக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கும் அங்கே மீன் வண்டியும் பஸ்ஸும் தெருநாயும் உண்டு. திண்டை மட்டும் 9 சென்டிமீட்டர் தூக்கிய வண்டியில் அடிக் கைப்பிடி பாதாளத்தில் கிடக்கும். போக்குவரத்தில் ஓட்டும் அந்த முக்கால் மணி நேரமும் முதுகு முறியும். ஃப்ரேம் உயரமாக இருந்தால் இரண்டு கைப்பிடிகளும் எட்டும் இடத்தில் அமையும். சென்னையில் ஓட்டப்போகிற நெட்டையருக்கு, இரண்டு அளவுகளில் எதை எடுப்பது என்ற குழப்பம் வந்தால் பெரியதையே சொல்வேன். முதுகு மட்டும் நீண்டவர்கள் இதற்கு விதிவிலக்கு.

உத்தண்டி தாண்டிய பிறகுதான் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த வண்டிக்கான சாலையாகிறது. கோவளம், மாமல்லபுரம் என்று ஏற்றமே இல்லாமல் போகிறது. இதை வசதி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உடம்புக்கு அது சோதனை. மலைப்பாதையில் ஓட்டுபவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பார், இறக்கத்தில் மிதிக்காமல் விடுவார். உடம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி ஒரே நிலையில். சீட் 5 மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மிதிகளில் அது முழங்காலுக்குப் பின்னால் வலியாக வந்து நிற்கலாம்.  மார்கழியில் வாடைக்காற்று போகும்போது முதுகைத் தள்ளிவிட்டு, திரும்பும்போது முகத்தில் அறையும். வெயில் காலத்தில் தாமதமாகக் கிளம்பினால் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். முன்சக்கரத்துக்கு ஆழமான கார்பன் ரிம் போட ஆசைப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். மிதமான ஆழமுள்ள ரிம்மே இந்தக் கரைக்குப் போதும்.

பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பழைய நம்பிக்கை விடாப்பிடியாக நிற்கிறது. பெரிய ஃப்ரேமோடு 175 மில்லிமீட்டர் கிராங்க் வருவது வழக்கம்; நீண்ட காலுக்கு நீண்ட கிராங்க் என்ற எண்ணம். மார்ட்டின், ஸ்பிர்டுசோ என்ற ஆய்வாளர்கள் 2001இல் 120 முதல் 220 மில்லிமீட்டர் வரை ஐந்து கிராங்குகளைச் சோதித்தார்கள். அவ்வளவு பெரிய இடைவெளியிலும் உச்ச சக்தியில் 4 சதவீத அளவே வித்தியாசம் கண்டார்கள். கிராங்க் குட்டையானால் மிதியின் உச்சியில் முழங்கால் மார்பை நோக்கி அவ்வளவு ஏறாது, இடுப்பு திறக்கும். அதனால் ஆறடிக்கு மேற்பட்டவரும் 170 அல்லது 165 போட்டுப் பார்க்கலாம். கிராங்க் எத்தனை மில்லிமீட்டர் குறைந்ததோ அத்தனை மில்லிமீட்டர் சீட்டை ஏற்ற வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது.

உயரம் இந்த விளையாட்டுக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால் யான் ஃப்ரோடேனோவைக் காட்டுங்கள். 194 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜெர்மானியர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம். 2015, 2016, 2019இல் ஹவாய் அயர்ன்மேன் பட்டம். சைக்கிள் பந்தயத்திலும், தனிநபர் நேரப் போட்டிகளில் நெட்டையருக்கு நடந்த அநியாயத்தை உலக சைக்கிள் கூட்டமைப்பே 2023இல் ஓரளவு சரிசெய்தது. பெடல் அச்சிலிருந்து கைப்பிடி முனை எவ்வளவு முன்னே போகலாம் என்பதற்கு உயரத்தைப் பொறுத்து மூன்று வரம்பு வைத்தார்கள்: 180 சென்டிமீட்டருக்குக் கீழ் 80, 190 வரை 83, அதற்கு மேல் 85.

வாங்குமுன் ஒரு தடவை யோசியுங்கள். பின்னால் ஒட்டி ஓட்ட அனுமதியுள்ள ஒலிம்பிக் வகைப் பந்தயங்களில் வளைந்த கைப்பிடியுள்ள ரோடு சைக்கிள்தான் ஓட்ட வேண்டும்; டிரை சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. 2018இல் கொழும்பிலும் 2019 முதல் கோவாவிலும் நடந்த அயர்ன்மேன் 70.3 போன்ற நீண்ட பந்தயங்கள் மனதில் இருந்தால்தான் இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. முதல் வருடத்துக்கு, இருக்கிற ரோடு சைக்கிளிலேயே முழங்கைத் திண்டுள்ள ஏரோ பார் மாட்டிப் பழகுவது நல்லது. அதில் சரியாக வந்த முழங்கை உயரமும் நீளமும் அடுத்த வண்டிக்கு அளவுச்சீட்டாக உதவும்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதானால் விலையைக் கேட்குமுன் ஸ்டாக், ரீச், சீட் போஸ்ட் எவ்வளவு ஏறும், வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்ற நான்கையும் கேளுங்கள். முன்குழாய்க்குள் ஏறும் ஃபோர்க் குழாயைப் பழைய உரிமையாளர் குட்டையாக வெட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள்; வெட்டியிருந்தால் ஸ்பேசர் போட இடமிருக்காது. வண்டியை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பூட்டி இருபது நிமிடமாவது திண்டில் படுத்து மிதிக்க வேண்டும். முழங்கை ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கி, மேற்கை தளர்வாகத் தொங்கி, எலும்பே பாரத்தைத் தாங்கினால் நீளம் சரி. தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டே போனால் திண்டு தூரமாக இருக்கிறது அல்லது தாழ்ந்திருக்கிறது. சீட்டின் மூக்கு நுனிக்கு நழுவிக்கொண்டே இருந்தாலும் அதே குறைதான். முன்பகுதி இரண்டாகப் பிளந்த சீட்டையும் சோதித்துப் பாருங்கள்; இடுப்பு முன்னோக்கித் திரும்பும்போது மென்பகுதியில் விழும் அழுத்தத்தை அது குறைக்கிறது. புது வண்டியானால், மூன்று மாதம் ஓட்டித் திண்டு நிற்குமிடம் உறுதியாகும்வரை ஃபோர்க் குழாயை வெட்டக் கூடாதென்று மெக்கானிக்கிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.