ஒலிவாங்கி ஒன்று, செயலிகள் பல

கைத்தொலைபேசி பேசுவதற்கு மட்டுமே உரிய கருவியாக இருந்த காலம் மாறிவிட்டது. முதியோரின் நினைவுகளையும், தாலாட்டையும் ஒப்பாரியையும், சங்கக் கூட்டத்தின் பேச்சுகளையும் பதிவு செய்யும் கருவியாகவும் இன்று அது விளங்குகிறது. ஆயினும், பதிவு செய்ததைப் பின்னர் கேட்கும்போது இடையில் சில நிமிடங்கள் ஒலியே இல்லாதிருப்பதுண்டு. கருவி பழுதுபட்டுவிட்டது எனப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் காரணம் அதுவன்று.

ஒலிப்பதிவு, வாட்ஸ்அப், குரல்வழித் தேடல் முதலிய செயலிகள் யாவும் ஒலிவாங்கியைப் பயன்படுத்த நம்மிடம் அனுமதி பெறுகின்றன. அனுமதி பெறுவது வேறு. அந்த நேரத்தில் ஒலியைப் பெறுவது வேறு. லயத்துக் குழாயடியில் வாளிகள் பல இருந்தாலும், குழாய்க்கு நேரே உள்ள வாளியில்தான் நீர் விழும். எந்த வாளிக்கு எப்போது முறை என்பதைக் கைத்தொலைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருளே முடிவு செய்கிறது.

ஆண்ட்ராய்டு வகைக் கைத்தொலைபேசிகளில், முதலில் ஒலிவாங்கியைப் பெற்ற செயலி அதனை விடும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 இம்முறையை மாற்றியது. சாதாரணச் செயலிகள் இரண்டு போட்டியிட்டால், திரையில் கண்முன் இருப்பதற்கே முன்னுரிமை. தொலைபேசி உரையாடல் நடக்குமாயின் அதற்கே முதலிடம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முறை இழந்த செயலி நின்றுவிடுவதில்லை. அதற்கு வெறும் மௌனமே அளிக்கப்படுகிறது. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும். பதிவில் குரல் இராது. ஐபோனிலோ அழைப்பு வந்தால் பதிவு இடையில் தடைபடலாம்.

1942–43ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் துயரத்தைத் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் ஒருமுறை மனந்திறந்து சொல்வதை மறுமுறை அவ்வாறே பெற இயலாது. எனவே பதிவு செய்ய விரும்பும் இளைஞர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டும்:

1. பிற செயலிகளை மூடிவிடுக.

2. விமானப் பயன்முறையை இயக்குக. வைஃபை இணைப்பையும் நிறுத்துக. வாட்ஸ்அப் அழைப்பு அதன் வழியாகவும் வரக்கூடும்.

3. முடியும்வரை ஒலிப்பதிவுச் செயலியைத் திரையிலேயே வைத்திருக்க.

4. முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்க்க.

மற்றொன்றும் அறிந்துகொள்ளத்தக்கது. ஒலிவாங்கி இயங்கும்போது ஐபோனின் திரை மேற்புறத்தில் செம்மஞ்சள் புள்ளி தோன்றும். இது 2020இல் வந்த ஏற்பாடு. 2021இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சை அடையாளம் தோன்றுகிறது. நாம் பதிவு செய்யாத வேளையில் அது தென்பட்டால், எச்செயலி கேட்கிறது என ஆராய்ந்து, தேவையற்ற அனுமதியை அமைப்புகள் பகுதியில் நீக்கிவிடலாம்.

யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்பதைத் தெரிந்து பயன்படுத்துவோருக்கே கருவி முழுப் பயன் தரும். பெரியோரின் குரல் நம் பேரப்பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டுமாயின், பதிவைத் தொடங்குமுன் சில நொடிகள் செலவிடுவது வீணாகாது.