மேற்கோளின் உள்ளா, புறமா?
நீண்டதொரு புத்தகத்தின் நூறாவது பக்கத்தில் ஏதேனும் ஒரு சொல்லைச் சுட்டி, "இச்சொல் மேற்கோளுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?" என்று வினவினால், முதலிலிருந்து படித்து வந்தவர் உடனே விடை கூறிவிடுவார். அந்த ஒரு தாளை மட்டும் கையில் பெற்றவரோ திகைப்பார். மேற்கோள் முந்தின பக்கத்திலேயே தொடங்கியிருக்கலாம், தொடங்காமலும் இருக்கலாம். பொருளைப் பார்த்து ஊகிக்க மனிதனால் இயலும். கணிப்பொறிக்கு அவ்வசதி இல்லை. அது காண்பன எழுத்துக்களும் குறிகளுமே.

கணிப்பொறிக்கான கட்டளைத் தொடர்களை எழுதுவோருக்கு இவ்வினா விளையாட்டன்று. அவர்கள் எழுதுவதில் சில பகுதிகள் மெய்யான கட்டளைகள். சில, மேற்கோள் குறிகளுக்கிடையே அடைபட்ட வெறும் சொற்றொடர்கள். சில, மனிதர் படிப்பதற்கென எழுதிய விளக்கக் குறிப்புகள். இவற்றை வெவ்வேறு நிறத்தில் காட்டுவதும், அடைப்புக்குறிகளின் ஆழத்துக்கேற்ப வரியை உள்ளே தள்ளித் தொடங்குவதும் எழுத்துத் திருத்தும் நிரலின் வேலை. ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் அது தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: இந்த இடம் உள்ளா, புறமா?

இத்தகைய நிரல்களுள் பெயர் பெற்றது ஈமாக்ஸ். 1976-இல் அமெரிக்காவிலுள்ள மசாசூசெட்ஸ் தொழில் நுணுக்கக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் இது தோன்றியது. இன்று பரவலாக வழங்கும் குனூ ஈமாக்ஸை ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். இதன் சிறப்பு யாதெனில், உபயோகிப்பவரே லிஸ்ப் என்னும் மொழியில் கட்டளை எழுதி இதன் நடத்தையை மாற்றிக்கொள்ளலாம் என்பதே. இதன் உட்பகுதிகள் யாவும் எவரும் படித்துப் பார்க்கும்படி திறந்து கிடப்பவை. ஆகையால் மேற்கண்ட வினாவுக்கு அது எவ்வாறு விடை காண்கிறது என்பதையும் நேரில் அறிந்துகொள்ள இயலும்.

ஈமாக்ஸ் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இனம் வகுத்திருக்கிறது. இது சொல்லில் வரும் எழுத்து, இது இடைவெளி, இது திறக்கும் அடைப்பு, இது மூடும் அடைப்பு, இது மேற்கோள் குறி, இது விளக்கக் குறிப்பின் தொடக்கம் என்று ஓர் அட்டவணை கூறும். மொழிக்கு மொழி அட்டவணை வேறுபடும். லிஸ்ப் மொழியில் அரைப்புள்ளி விளக்கக் குறிப்பைத் தொடங்கும். ஸி மொழியில் அதே அரைப்புள்ளி ஒரு கட்டளையின் முடிவு. இவ்வட்டவணையைக் கைக்கொண்டு ஈமாக்ஸ் முதல் எழுத்திலிருந்து நடந்து செல்கிறது. விரும்பிய இடத்தை அடைந்ததும் ஒரு நிலைக்குறிப்புத் தருகிறது: எத்தனை அடைப்புகள் மூடப்படாமல் உள்ளன, அவை எங்கெங்கே திறந்தன, இவ்விடம் மேற்கோளுக்குள் உள்ளதா, விளக்கக் குறிப்புக்குள் உள்ளதா, ஆமெனில் அது தொடங்கிய இடம் யாது என்பன அதில் அடங்கும்.

ஏன் முதலிலிருந்தே நடக்க வேண்டும்? பின்னோக்கிச் சிறிது தூரம் போய்ப் பார்த்தால் போதாதா? போதாது. திறக்கும் மேற்கோளும் மூடும் மேற்கோளும் இங்கே ஒரே வடிவின. பின்னோக்கிச் செல்பவர் முதலில் காணும் குறி கதவைத் திறந்ததா, அடைத்ததா என்பதை அந்தக் குறியே சொல்லாது.

பத்து லட்சம் எழுத்துக்கள் கொண்ட கோப்பின் இறுதியில் பணிபுரிபவர் ஒவ்வொரு விசைக்கும் அந்தப் பத்து லட்சத்தையும் கடக்க நேர்ந்தால் வேலை நடவாது. ஆகவே முற்காலத்தில் ஒரு குறுக்கு வழி கையாளப்பட்டது. வரியின் முதல் இடத்திலேயே திறக்கும் அடைப்பு காணப்பட்டால், அங்கே ஒரு புதிய வரையறை தொடங்குகிறது என்றும், அவ்விடம் எந்த மேற்கோளுக்கும் உட்பட்டதன்று என்றும் ஈமாக்ஸ் கருதிக்கொண்டது. பெரும்பாலும் இது மெய்யாயிற்று. ஆயினும் விளக்கச் சொற்றொடர் ஒன்று பல வரிகள் நீண்டு, அவற்றுள் ஒரு வரி அடைப்புக்குறியோடு தொடங்கிவிட்டால், மேற்கோளின் நடுப்பகுதியைக் கட்டளையென்று கொண்டு நிரல் குழம்பியது. இதற்கஞ்சிய ஆசிரியர்கள் அத்தகைய அடைப்புக்கு முன்னே ஒரு சாய்கோடு இட்டுவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். கருவியின் ஊகத்தைக் காப்பாற்ற மனிதன் தன் எழுத்தைத் திருத்திக்கொண்ட விசித்திரம் இது.

2007-இல் வெளிவந்த 22-ஆம் பதிப்பில் மேலான வழியொன்று சேர்க்கப்பட்டது. அதை அறியப் பேரேடு எழுதும் முறையை நினைவு கூர்ந்தால் போதும். கணக்கர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதுவரையிலான கூட்டுத்தொகையை எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் அதையே கொண்டுவருகிறார். எண்பதாம் பக்கத்தின் நிலுவையை அறிய முதற் பக்கத்திலிருந்து கூட்டுவார் எவருமில்லை. அவ்வாறே ஈமாக்ஸும் நடந்து சென்ற வழியில் ஆங்காங்கே நிலைக்குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்கிறது. கணிப்பொறி வல்லுநர்கள் இத்தகைய சேமிப்பைக் 'கேஷ்' என்பர். குறிப்புகள் மிகுந்தால் அவற்றைக் காப்பதே சுமையாகுமாதலால், ஏறத்தாழ 20,000 எழுத்துக்களுக்கு ஒன்றாக அவை அமையும்படி அளவு வகுக்கப்பட்டுள்ளது. மேற்சொன்ன பத்து லட்சம் எழுத்துக்களுக்குச் சுமார் ஐம்பது குறிப்புகள் போதும். வினா எழும்போது, கேட்ட இடத்துக்கு முன்னே அண்மையிலுள்ள குறிப்பிலிருந்து நடந்தால் விடை கிட்டிவிடும்.

எழுதி வைப்பது எளிது. எழுதி வைத்ததை எப்போது அழிப்பது என்பதில்தான் இம்முறையின் நாணயம் அடங்கியிருக்கிறது. பேரேட்டின் முப்பதாம் பக்கத்தில் ஒரு பதிவைத் திருத்தினால் முதல் இருபத்தொன்பது பக்கங்களின் கூட்டல் பழுதுபடாது. முப்பதிலிருந்து கடைசிவரை யாவும் ஐயத்துக்குரியவை. ஈமாக்ஸ் இதே விதியைக் கைக்கொள்கிறது. எழுத்து மாறுவதற்குச் சற்று முன்னதாகவே, மாறவிருக்கும் இடத்துக்கு அப்பாலுள்ள குறிப்புகள் யாவும் களையப்படுகின்றன. கடைசிக் குறிப்பு பட்டியலின் தலையில் இருக்குமாறு அவை அடுக்கப்பட்டிருப்பதால், மேலிருந்து சிலவற்றை உதறிவிட்டால் வேலை முடிந்தது.

ஆயினும் நிலைக்குறிப்பிலுள்ள எல்லாச் செய்திகளையும் இவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. "நடந்து வந்த வழியில் அடைப்பின் ஆழம் மிகக் குறைந்தது எவ்வளவு?" என்பது அவற்றுள் ஒன்று. இது நடை எங்கே தொடங்கியது என்பதைப் பொறுத்தது. முதலிலிருந்து நடந்தால் ஒரு விடை. நடுவிலுள்ள குறிப்பிலிருந்து நடந்தால் மற்றொரு விடை. கடைசியாக முடிவுற்ற உட்பகுதி எங்கே தொடங்கியது என்னும் செய்தியும் இத்தகையதே. எனவே சேமிப்பின் வழியாகப் பெறும் விடையில் இவ்விரண்டையும் நம்பலாகாதென்று ஈமாக்ஸின் கையேடு வெளிப்படையாக எச்சரிக்கிறது.

வேறோர் அபாயமும் உண்டு. சில துணை நிரல்கள், மாற்றத்தை அறிவிக்கும் மணியை நிறுத்திவிட்டு எழுத்தை மாற்றுகின்றன. மணி ஒலிக்காவிடில் பழைய குறிப்புகள் களையப்படமாட்டா. அப்போது ஈமாக்ஸ் மிக விரைவாகவும் மிக உறுதியாகவும் தவறான விடையைத் தரும். அத்தகைய நிரலை எழுதுபவரே சேமிப்பைத் துடைக்கும் கட்டளையையும் இடுதல் வேண்டும். எழுத்தினங்களின் அட்டவணையை இடையில் மாற்றினாலும் இதே கதிதான். ஓர் அட்டவணையின்படி எழுதிய குறிப்பு மற்றோர் அட்டவணைக்குச் சாட்சியாகாது.

இக்குறைகளைக் கடந்து இம்முறை வேரூன்றியது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸின் உள்ளார்ந்த பகுப்புக் கட்டளைகள் பழைய முதலிட அடைப்பு ஊகத்தைக் கைவிட்டு இச்சேமிப்பையே நாடுகின்றன. 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பு, கட்டளைத் தொடரின் முழு இலக்கண மரத்தையே வைத்துப் பேணும் 'ட்ரீ-சிட்டர்' என்னும் வேறொரு முறைக்கும் இடமளித்தது.

கணிப்பொறி இல்லாத வகுப்பிலும் ஆசிரியர்கள் இதைச் செய்து காட்டலாம். மேற்கோளும் அடைப்புகளும் மலிந்த நாற்பது வரிகளைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் நிலைக்குறிப்பு எழுதச் செய்க. பின்னர் பன்னிரண்டாம் வரியில் ஒற்றை மேற்கோள் குறியைச் சேர்க்க. ஐந்தாம், பத்தாம் வரிக் குறிப்புகள் நிற்கும்; பதினைந்து முதல் யாவும் அழியும். அடுத்து அக்குறியை நீக்கிவிட்டு, இருபுறமும் மேற்கோள் கொண்ட ஒரு முழுச் சொல்லை அங்கேயே சேர்க்க. பதினைந்தாம் வரியில் மேற்கோள் நிலை முன்போலவே இருப்பதைக் கூரிய மாணவன் கண்டுபிடித்து, அழிக்க வேண்டியதில்லையே என்று வாதிப்பான். அவன் கூறுவதில் பாதி சரி. ஆனால் ஈமாக்ஸின் குறிப்புகள் முதலிலிருந்து எண்ணிய எழுத்தெண்களைக் கொண்டவை. ஒரு சொல் நுழைந்தால் அவ்வெண்கள் யாவும் நகர்ந்துவிடும். மேலும், வரப்போகும் எழுத்து யாதென்று அறியாத வேளையிலேயே அது அழித்து முடித்திருக்கும்.