உருளைக் கட்டை யாருக்காக வந்தது?

"சேர், இவன எந்த மொன்டிசோரியிலயும் எடுக்கிறாங்க இல்ல" என்றார் ஓர் உம்மா. மகனுக்கு ஐந்து வயது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அந்தப் பேச்சு என்னை உறுத்தியது.

மரியா மொன்டிசோரி 1900ஆம் ஆண்டளவில் உரோமில், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடுதான் கற்பித்தலைத் தொடங்கினார். அத்தகைய பிள்ளைகளுக்கெனப் பிரெஞ்சு மருத்துவர் செகாங் அமைத்த கருவிகளைத் திருத்திப் பயன்படுத்தினார். மற்றப் பிள்ளைகளின் கைக்கு இம்முறை வந்தது 1907இல், அவர் சிறுவர் இல்லம் திறந்த பிறகுதான்.

தடிப்பில் வேறுபடும் குமிழ் உருளைக் கட்டையைப் பாருங்கள். பத்துக் குழி, பத்து உருளை. சிறியதைப் பெரிய குழியில் போட்டால், கடைசியில் ஒன்று இடமின்றி மிஞ்சும். 'பிழை' என்று யாரும் அதட்டத் தேவையில்லை, கட்டையே காட்டிவிடும். பேச்சுப் பிந்திய பிள்ளையும் தானாகவே திருத்திக்கொள்ளலாம். குமிழைப் பிடித்துப் பழகும் விரல்கள் பிறகு பென்சிலையும் பிடிக்கும்.

எங்கட ஊர் பாலர் பாடசாலைகளின் அலுமாரியிலும் இக்கட்டை இருக்கிறது. அதை நடத்துவோரிடம் கேட்பது ஒன்றுதான்: யாருக்காக அது உருவானதோ, அந்தப் பிள்ளைக்கும் பாயில் ஓர் இடம் கொடுங்கள்.