பணம் அனுப்பும் கணினிக்கு வேறு வேலை வேண்டாம்

2021-ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியர்களின் முகநூல் பக்கங்களில் வீட்டுத் துப்புரவுச் சேவை விளம்பரம் ஒன்று வலம் வந்தது. அழுத்தினால், பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் தளம் போலவே ஒரு பக்கம் திறக்கும். பதிவு செய்யக் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லும். கூகுள் பிளே பொத்தான் இருக்கும். செயலியோ திருடர்களின் சர்வரிலிருந்து வரும். பணம் கட்டும்போது எஃப்.பி.எக்ஸ் என்னும் இணையவழிக் கட்டணச் சேவையின் பக்கத்தைப் போன்ற ஒன்று தோன்றி, எட்டு வங்கிகளைக் காட்டும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் தவறு என்று சொல்லிவிடும். அதற்குள் இரண்டும் கைமாறியிருக்கும். பிறகு வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் (TAC) என்ற உறுதி எண்ணையும் அதே செயலி சத்தமில்லாமல் திருடர்களுக்கு அனுப்பிவிடும்.

ஈசெட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2022 ஏப்ரலில் இந்த மோசடியை விரிவாக வெளியிட்டது. அப்போது ஏழு போலித் தளங்கள் பிடிபட்டிருந்தன: ஆறு துப்புரவுச் சேவைகள், ஒன்று செல்லப்பிராணிக் கடை. குறிவைக்கப்பட்டவை மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க், ஆர்எச்பி, ஹோங் லியோங், பேங்க் இஸ்லாம், அஃபின், பிஎஸ்என் ஆகிய வங்கிகள். ஜாசின் தோட்டத்து லயத்திலிருந்து மலாக்கா பட்டணத்துக் கடைவீதி வரை, பெரும்பாலோர் கணக்கு இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்.

அந்தத் திருட்டில் யாரும் வங்கியின் கணினியை உடைக்கவில்லை. கடவுச்சொல், டேக் எண் என்று வங்கி இரண்டு பூட்டுகள் போட்டிருந்தது. இரண்டையும் தம்மை அறியாமல் திறந்து கொடுத்தவர் கணக்குக்குச் சொந்தக்காரரே. அதனால்தான் 2022 செப்டம்பர் 26-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அப்போதைய ஆளுநர் நோர் ஷம்சியா ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தபோது, குறுஞ்செய்தி டேக் எண்ணைப் படிப்படியாகக் கைவிடுவதை முதலில் வைத்தார். பரிவர்த்தனையை உறுதி செய்ய ஒருவருக்கு ஒரு கைப்பேசி மட்டுமே, புதிய கைப்பேசியைப் பதிந்தால் சிறிது காலம் காத்திருப்பு என்பவையும் அவற்றுள் அடங்கும். இப்போது கணினியில் தொடங்கும் பரிவர்த்தனையைக் கைப்பேசிச் செயலியில் உறுதி செய்கிறோம். நல்ல மாற்றம். ஆனால் திரையில் வரும் தொகையையும் பெறுநர் பெயரையும் படிக்காமலே விரல் தட்டிவிட்டால், அந்தப் பூட்டும் வீண்.

பரிவர்த்தனை தொடங்கும் கணினியின் நிலை என்ன? மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற சிறு பட்டணங்களின் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கணினிதான். பகலில் அதில் கணக்கும் சம்பளப் பட்டியலும் ஓடும். மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். இரவில் படம், பாட்டு, விளையாட்டு. இலவசமாகக் கிடைத்ததென்று இறக்கிய திருட்டு மென்பொருளும் அதிலேயே இருக்கும். விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்து வெளியே அனுப்பும் நச்சுநிரல்கள் இப்படிப்பட்ட இறக்கங்களோடு ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பழைய கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டைகளை அடைக்க ஆளில்லை.

எல்லா வேலையும் ஒரே வலையமைப்பில் கிடந்தால் என்ன நேரும் என்பதை ஒரு நாட்டின் மத்திய வங்கியே அனுபவித்தது. 2016 பிப்ரவரியில் வங்காளதேச வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டாலரை மாற்றக் கட்டளைகள் அனுப்பினார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பீன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் தப்பியது. பெறும் அமைப்பின் பெயரில் எழுத்துப்பிழை இருந்ததால் இடைப்பட்ட வங்கி சந்தேகப்பட்டுக் கேட்டது. விசாரித்தபோது, பணம் அனுப்பும் கணினிகள் தீச்சுவர் இல்லாமல், மலிவான பழைய இணைப்புக் கருவிகளில் பிற கணினிகளோடு சேர்ந்திருந்தது தெரிந்தது.

கடைக்காரருக்கு இது கைக்கெட்டாத பாடமில்லை. வங்கி வேலைக்கென்று தனிக் கணினி வைக்க முடிந்தால் உத்தமம். முடியாவிட்டால், அதே கணினியில் மென்பொருள் நிறுவும் அனுமதியில்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் வங்கி வேலை மட்டும் செய்யலாம். இதற்குச் செலவே இல்லை. கூகுளில் தேடிப் போகாமல் வங்கி முகவரியைக் கையால் தட்டவேண்டும். வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டன. ஆகவே வங்கியின் பெயரில் இணைப்போடு வரும் குறுஞ்செய்தி எதுவானாலும் அழித்துவிடலாம். நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய தொகையின் வரம்பைத் தேவைக்குமேல் வைக்கக் கூடாது. நிறுவனக் கணக்கென்றால் ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையை வங்கியில் கேட்டுப் பெறலாம்.

சரக்கு அனுப்புபவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, பில்லில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிடும் திருட்டும் உண்டு. கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்பதுதான் வழி. டூயிட்நவ் பணமாற்றச் சேவை பெறுநர் பெயரைக் காட்டும். நிறுவனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் தனியாள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

தோட்டங்களில் கவலை வேறு. தாத்தா, பாட்டியின் கணக்கைப் பேரப்பிள்ளைதான் கையாளுகிறான். அவனிடமே சில நூறு வெள்ளியைக் காட்டி, ஏடிஎம் அட்டையை இரவல் கேட்பவர்களும் வருகிறார்கள். திருட்டுப் பணம் ஓடுவது இப்படிப்பட்ட இரவல் கணக்குகள் வழியாகத்தான். தண்டனைச் சட்டத்தில் 2024 அக்டோபர் 31 முதல் நடப்புக்கு வந்த 424ஏ முதல் 424டி வரையிலான பிரிவுகள் கணக்கை இப்படி இரவல் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கியுள்ளன. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் ஓடும் குடும்பத்தில், ஒரு பிள்ளை நீதிமன்றம் ஏறினால் வீடே நிலைகுலையும். இதைப் பெற்றோர் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டும்.

பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. வங்கிச் செயலியிலேயே கணக்கை உடனே முடக்கும் வசதியும் உண்டு. முதலில் முடக்குங்கள், அடுத்து 997-ஐ அழையுங்கள், பிறகு போலீசில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுத்தால்தான் மீட்க வழியிருக்கும். தோட்டத்துக் கோயில், தமிழ்ப்பள்ளி, ஒட்டுக்கடை அறிவிப்புப் பலகைகளில் இந்த மூன்று இலக்கங்களைத் தமிழ் விளக்கத்தோடு இந்த வாரமே எழுதி வையுங்கள்.