சட்டம் போயிற்று, சந்தேகம் போயிற்றா?

ஒருவன் செய்த குற்றத்திற்காக அவனைத் தண்டிப்பது நீதி. ஒருவன் பிறந்த குலத்திற்காக அவனைத் தண்டிப்பது அநீதி. இதை அறிவதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும் அந்த அநீதிக்கே சட்டம் என்று பெயர் சூட்டி, கெஜட்டில் பிரசுரித்து, 81 வருஷ காலம் இந்தத் தேசத்தில் நடத்தி வந்தார்கள். 1871-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தையே குறிப்பிடுகிறோம். 1952-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதிதான் அது தேசம் முழுவதும் ரத்தாயிற்று. நமக்கு 1947-ல் கிட்டிய விடுதலை அம்மக்களுக்கு ஐந்து வருஷம் பிந்திக் கிட்டியது. ஆகவே அவர்கள் ஆகஸ்டு 31-ஐயும் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடி வருகிறார்கள்.

சட்டம் போயிற்று. ஆனால் அது விதைத்த சந்தேகம் போயிற்றா? இல்லை என்பதைப் போலீஸ் ஸ்டேஷன்கள் அறியும், சிறைச்சாலைகள் அறியும். அச்சந்தேகத்தை ஒழிப்பதற்குக் குஜராத்திலே ஒரு சிறு நாடகக் குழு கண்ட வழியை நமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் அந்தச் சட்டம் வேலை செய்த விதத்தைச் சற்று நினைவூட்டுதல் அவசியம். ஒரு கூட்டத்தார் குற்றம் செய்வதையே வழக்கமாகக் கொண்டவர்கள் என்று சர்க்கார் அறிவித்துவிட்டால் போதும். அக்கூட்டத்தில் பிறந்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும். பிறகு அவர்கள் குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். ஊரை விட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். சர்க்காரின் அறிவிப்புச் சரியா, தவறா என்று எந்த நியாயஸ்தலமும் கேட்கலாகாது என்றும் அச்சட்டமே விதித்திருந்தது. கொலை செய்தவனுக்கும் வக்கீல் உண்டு, அப்பீல் உண்டு. பிறந்ததொன்றே குற்றமாகக் கொண்டவனுக்கு இரண்டும் இல்லை! சட்டத்தின் கதவைச் சட்டமே அடைத்துவிட்ட விசித்திரத்தை இதிலன்றி வேறெங்கும் காண்பது அரிது.

தமிழ் நாட்டாருக்கு இது கேள்விப்பட்ட கதை அன்று, அனுபவித்த கதை. 1911-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் இக்கொடுமை சென்னை மாகாணத்திற்கும் வந்தது. நம் மக்கள் அதற்கு இட்ட பெயர் கைரேகைச் சட்டம். கைரேகை பதிக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூர்க் கள்ளர் மக்கள் மீது 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். 16 பேர் மாண்டனர். அவர்களில் ஒரு பெண்மணியும் இருந்தார். அம்மக்களுக்காக மதுரையில் வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1947-லேயே சென்னை மாகாணத்தில் இச்சட்டம் ஒழிந்தது.

எனினும், பழைய சட்டத்தை முன் வாசல் வழியாக அனுப்பிய ராஜ்யங்கள் பல, வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்ற ஒன்றைப் பின் வாசல் வழியாக அழைத்துக்கொண்டன. புதிய சட்டத்தில் ஜாதியின் பெயர் இல்லை. ஆனால் அதை நடத்திய கைகள் பழைய கைகளே. பெயர் பதிவதும், நடமாட்டத்தைக் கண்காணிப்பதும், ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அந்தச் சேரிக்கே ஜீப்பை விடுவதும் நின்றபாடில்லை. இச்சட்டங்களை ரத்துச் செய்ய வேண்டுமென்று தேசிய மனித உரிமைக் கமிஷன் 2000-ம் வருஷத்திலேயே சிபாரிசு செய்தது.

சட்டப் புத்தகத்தில் நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. கைது செய்யும் போலீஸார் பின்பற்ற வேண்டிய விதிகளை டி. கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி வகுத்துத் தந்தது. கைது விவரத்தை எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும்; உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும்; கைதியை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். எல்லாம் சிறந்த விதிகள். அவ்வழக்கு மேற்கு வங்காளத்திலிருந்து எழுந்தது. தீர்ப்பு வந்து 14 மாதங்கள் ஆகுமுன்னே, அதே மேற்கு வங்காளத்தில், புருலியா ஜில்லாவில், கேரியா சபர் வகுப்பைச் சேர்ந்த புதன் சபர் என்ற ஏழையைப் போலீஸார் பிடித்துச் சென்றனர். அது 1998-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி. சுமார் ஒரு வாரத்தில் அவர் காவலிலேயே பிணமானார். தற்கொலை என்றனர் அதிகாரிகள்.

இத்தகைய மரணங்கள் வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. காரணம், சபர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அச்சங்கத்தோடு சேர்ந்து உழைக்க மகாசுவேதா தேவி என்ற மாபெரும் வங்க நாவலாசிரியை இருந்தார். உடலை எரித்துவிட்டால் உண்மையும் எரிந்துவிடும் என்று உணர்ந்த சபர்கள், அதை எரியூட்டாமல் புதைத்துக் காத்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் இகழும் மக்களின் சாட்சிய ஞானம் இது! சங்கத்தார் கல்கத்தா ஹைக்கோர்ட்டில் மனுச் செய்தனர். அதே வருஷம் ஜூலை மாதத்தில் நீதிபதி ரூமா பால், அம்மரணத்தை சி.பி.ஐ. விசாரிக்கவும், விதவைக்கு நஷ்ட ஈடு கொடுக்கவும் உத்தரவிட்டார்.

புருலியாவில் நடந்த இச்சம்பவம் ஆமதாபாத்தை எட்டிய வழி கவனிக்கத் தக்கது. புதன் சபர் இறந்த மறு மாதம் மகாசுவேதா தேவி பரோடாவுக்குச் சென்று, குற்றப் பரம்பரை என்று முத்திரையிடப்பட்ட மக்களைப் பற்றிப் பேசினார். ஆங்கிலப் பேராசிரியர் உத்தியோகத்தை விட்டு ஆதிவாசிகளின் மொழிகளுக்காக உழைக்க வந்த கணேஷ் தேவி அங்கே அவருக்குத் துணை. 'உச்சல்யா' என்ற சுய சரிதத்துக்குச் சாகித்ய அகாடமிப் பரிசு பெற்ற மராட்டிய எழுத்தாளர் லக்ஷ்மண் கெய்க்வாடும் சேர்ந்தார். மூவரும் இம்மக்களின் உரிமைக்காக ஓர் அமைப்பை நிறுவினர். பின்னர் மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் ஆமதாபாத்தின் புறத்தேயுள்ள சாராநகருக்குச் சென்றனர். சாரா என்னும் வகுப்பாரைக் குற்றப் பரம்பரையென்று பட்டியலில் சேர்த்துப் பிரிட்டிஷார் அடைத்து வைத்திருந்த குடியேற்றமே பிற்காலத்தில் சாராநகராயிற்று. அங்குள்ள இளைஞர்கள் கேட்டது பணமன்று, ஒரு வாசகசாலை. அந்த வாசகசாலையை ஒட்டிப் பிறந்ததுதான் புதன் தியேட்டர் என்னும் நாடகக் குழு. 1998 ஆகஸ்டு 31-ந் தேதி, விடுதலை நாளன்று, 'புதன்' என்ற நாடகத்தை அவர்கள் நடித்தனர்.

தாங்கள் ஒருபோதும் கண்டிராத ஒரு வங்காளத்துச் சபரின் சாவை, குஜராத்துச் சாராக்கள் தங்கள் சாவாக எண்ணி நடித்தனர். பாஷை வேறு, ஜாதி வேறு, தேசத்தின் மூலை வேறு, லத்தி ஒன்று. தேச ஐக்கியம் மேடைப் பிரசங்கங்களில் பிறப்பதைக் காட்டிலும் இவ்விதம் பிறப்பதே உறுதியானது என்பது நமது அபிப்பிராயம். அதே வருஷத்தில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பின்யா ஹரி காளே என்ற பார்தி வகுப்பினர் போலீஸ் காவலில் இறந்ததையும் அவர்கள் நாடகமாக்கினர்.

நாடகம் நியாயஸ்தலமாகுமா என்று சிலர் கேட்கக் கூடும். ஆகாது. ஆனால் நியாயஸ்தலம் செய்ய முடியாத ஒரு காரியத்தை நாடகம் செய்கிறது. சந்தேகம் என்பது எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்பட்டதன்று. ஆகவே அதை எந்தச் சட்டத்தாலும் ரத்துச் செய்ய முடியாது. அது பார்ப்பவன் கண்ணில் இருக்கிறது. அக்கண் எதிரே, சந்தேகிக்கப்படுபவனே வந்து நின்று, அடிபட்டவனாகவும் அடிக்கும் போலீஸ்காரனாகவும் மாறி மாறி நடித்துக் காட்டும்போது, பார்ப்பவன் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். அதற்குத் திரைச் சீலையும் வேண்டாம், தீவட்டியும் வேண்டாம், தெருமுனை போதும்.

இதன் வலிமையை அந்நிய சர்க்கார் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தது. அவுரித் தோட்டக் கொடுமையைக் காட்டிய 'நீல் தர்ப்பண்' என்னும் வங்க நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிரசுரித்ததற்காகப் பாதிரி ஜேம்ஸ் லாங் 1861-ல் சிறை சென்றார். குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்த ஐந்தே வருஷத்தில், 1876-ல், நாடகங்களைத் தடுக்கும் சட்டமும் பிறந்தது. ஒரு சட்டம் ஏழையின் காலைக் கட்டிற்று. மற்றது அவனுக்காகப் பேசும் வாயைக் கட்டிற்று. தேச பக்திப் பாடல்களை மேடையில் பாடியதற்காக மீண்டும் மீண்டும் சிறை புகுந்த நமது விஸ்வநாத தாஸை மறந்தவர்களன்றி வேறெவரும் நாடகத்தைப் பொழுதுபோக்கென்று தள்ள மாட்டார்கள்.

அவர்களிலே திருடுவோர் இல்லையா என்பது அடுத்த கேள்வி. இருக்கலாம். திருடாத ஜாதி எது? மதுவிலக்கு அமலிலுள்ள குஜராத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சுதல் சாராநகர்க் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பாக இருந்ததென்பது ஊரறிந்த செய்தி. வேறு வேலை கொடுப்பாரில்லாத நிலைமையும் அதுபோலவே ஊரறிந்தது. குற்றம் செய்தவனைச் சாட்சியத்தோடு நிறுத்துங்கள். தண்டனை வாங்கித் தாருங்கள். அதை எவரும் ஆட்சேபிக்கவில்லை. பாங்கியில் பல கோடி மோசம் செய்த ஒருவனுக்காக அவன் குலத்தார் அனைவரையும் நாம் ஸ்டேஷனில் உட்கார வைப்பதுண்டா? பணக்காரனுடைய குற்றம் அவனோடு நிற்கிறது. ஏழையின் குற்றம் மட்டும் அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் சொத்தாக இறங்குகிறது. நமது ஆட்சேபம் இதற்குத்தான்.

நாடகத்தால் மட்டும் எல்லாம் நேராகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. அக்குழு தோன்றி 20 வருஷங்கள் நிரம்பும் தறுவாயில், 2018-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி இரவு, சாராநகரிலேயே போலீஸார் புகுந்தனர். வக்கீல்களும் பத்திரிகைப் படக்காரர் ஒருவரும் தாங்கள் தாக்கப்பட்டதாகப் புகார் கூறினர். ஆனால் பழைய காலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இம்முறை அந்தச் சேரியில் வக்கீல்கள் இருந்தனர், பத்திரிகையாளர் இருந்தனர், தங்கள் கதையைச் சொல்லக் கற்ற ஒரு தலைமுறை இருந்தது. ஒரு வாசகசாலையின் பலன் இது.

எழுத்தும் மனுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 சாட்சி. சிறைகளில் ஜாதி பார்த்து வேலை கொடுக்கப்படுவதை ஆராய்ந்து எழுதிய பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா, அதையே மனுவாக்கிச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். அவ்வருஷம் அக்டோபர் 3-ந் தேதி வந்த தீர்ப்பு அத்தகைய சிறை விதிகளைச் செல்லாதென்று தள்ளியது. சிறைப் பதிவேடுகளில் ஜாதிக் கட்டத்தையே நீக்கும்படி உத்தரவிட்டது. நாடோடி வகுப்பினர் இயல்பாகவே தப்பியோடுகிறவர்கள் என்று கருதும் விதியொன்று மேற்கு வங்காளத்துச் சிறை விதிகளில் அதுவரை இருந்ததென்றால், புதன் சபரின் சாவுக்கு நாம் வியப்பானேன்?

தமிழ் நாட்டிலும் வேலை கிடக்கிறது. 1993-ல் கடலூர்ப் பக்கத்தில் நடந்த லாக்கப் மரணத்தையும், அதற்காக வக்கீல் சந்துரு வாதாடியதையும் ஆதாரமாகக் கொண்ட 'ஜெய் பீம்' என்ற படம் 2021-ல் வெளிவந்தது. பார்த்தவர் பலர், கண்ணீர் விட்டவரும் பலர். மகிழ்ச்சியே. ஆனால் அது அம்மக்களைப் பற்றிப் பிறர் எடுத்த படம். சாராநகரில் நடப்பது அம்மக்களே நடத்தும் நாடகம். முன்னது நமது இரக்கத்தைக் கிளறுகிறது. பின்னது அவர்களுடைய குரலை வளர்க்கிறது. இரக்கம் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும், குரல் உலராது.

ஆகவே நமது தேச ஊழியர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இருளர், குறவர் முதலியோர் வாழும் சேரிகளுக்குப் பிரசங்கம் செய்யப் போகாதீர்கள். ஒரு வாசகசாலை வைக்கப் போங்கள். அங்கு எழும் நாடகத்துக்கு ஊர் நடுவே இடம் வாங்கிக் கொடுங்கள். போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் அந்நாடகங்கள் நடைபெறச் சர்க்காரை வற்புறுத்துங்கள். வக்கீல்களாயிருப்போர், கைது நடந்த அன்றே ஸ்டேஷனுக்குச் சென்று பாசு வழக்கின் விதிகள் நிறைவேறினவா என்று கேளுங்கள். பிணம் விழுந்த பின் கேட்பதால் பயனில்லை. 1860-ம் வருஷத்துப் பீனல் கோடு போய் 2024 ஜூலை 1 முதல் புதிய ஸம்ஹிதை வந்துவிட்டது. சட்டத்தின் பெயரை மாற்றுவது பார்லிமெண்டின் வேலை. சந்தேகத்தை மாற்றுவது நமது வேலை.